எங்கே குடியிருக்கிறீர்கள்?

போடிநாயக்கனூரில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது கடல் தாண்டி இருக்கிறது. துபாயில் கடை வேலை, சிங்கப்பூரில் கட்டட வேலை, மஸ்கட்டில் டிரைவர் என்று ஏதோ ஒன்று. பிள்ளை கிளம்பிப் போன சில வாரங்களில் வீட்டில் ஒரு பேச்சு வரும். “தம்பி அங்கே பேங்க்ல கணக்கு ஆரம்பிச்சுட்டானாம். இங்கே இருக்கிற பழைய கணக்கை என்ன செய்ய?” “அது பாட்டுக்குக் கிடக்கட்டும், நம்ம கணக்குதானே” என்று யாராவது சொல்வார்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அதை நாம் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், நிதானமாகப் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான் இது.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். துபாயில் போய் இறங்கிய அன்றே வங்கிக் கணக்குக் கிடைத்துவிடாது. மருத்துவப் பரிசோதனை முடிய வேண்டும், குடியிருப்பு விசா கிடைக்க வேண்டும், எமிரேட்ஸ் ஐடி கைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு பாஸ்போர்ட், ஐடி, கம்பெனி தரும் சம்பளச் சான்றிதழ் ஆகியவற்றோடு போனால் கணக்குத் திறப்பார்கள். இதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் 2009 முதல், சம்பளத்தை வங்கி அல்லது பணமாற்று நிறுவனம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அதற்காகச் சம்பளம் குறைவாக உள்ள பலருக்குக் கம்பெனியே ஒரு சம்பள அட்டை எடுத்துக் கொடுத்துவிடும். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கலாம், கடையில் தேய்க்கலாம். ஆனால் அது அவர் பெயரில் உள்ள முழு வங்கிக் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அது கம்பெனியோடு கட்டுண்டது. இரண்டு, மூன்று வருடம் தங்கப்போகிறவர் தன் பெயரில் தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். அந்த ஊர் வங்கி நம் பிள்ளையிடம் எதைப் பார்த்தது? இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தது, உண்மைதான். ஆனால் இந்தியர் என்பதால் கணக்கை மறுக்கவில்லை. குடியிருப்பு விசா இருக்கிறதா என்பதைத்தான் கேட்டது. சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் அதே பாஸ்போர்ட்டை நீட்டினால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். நீ எந்த நாட்டுக்காரன் என்ற கேள்வியைவிட, நீ இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்ற கேள்விதான் வங்கிக்கு முக்கியம். அந்நிய ஊரில் இதை எல்லோரும் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். சொந்த ஊர் வங்கியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது என்பதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எல்லோருக்கும் இருக்கிற தவறான எண்ணம் இதுதான். “நான் இந்தியக் குடிமகன், ஓட்டு இருக்கிறது, ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறது, பிறந்தது போடி. அதனால் போடி வங்கியில் நான் உள்ளூர்க்காரன்.” குடியுரிமையைப் பொறுத்தவரை இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கை ஆள்வது 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். சுருக்கமாக ஃபெமா என்பார்கள். அந்தச் சட்டம் மனிதர்களை இரண்டு வகையாகப் பார்க்கிறது: இந்தியாவில் குடியிருப்பவர், இந்தியாவுக்கு வெளியே குடியிருப்பவர். வேலைக்காகவோ தொழிலுக்காகவோ, எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாதபடி வேறு காரியத்துக்காகவோ வெளிநாடு போனவர் இரண்டாவது வகை. வெளிநாட்டில் படிக்கப் போகும் மாணவர்களையும் இதே வகையில் சேர்க்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2003இல் தெளிவுபடுத்திவிட்டது.

“182 நாள் கணக்கு உண்டே” என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. வருமான வரியில் நாட்களை எண்ணுகிற முறை தனி. ஃபெமாவிலும் 182 நாள் என்ற சொல் வருகிறது, ஆனால் வேலைக்காகக் கிளம்பிப் போனவருக்கு அந்த எண்ணிக்கை பொருந்தாது. கொச்சி விமான நிலையத்தில் அவர் விமானம் ஏறிய அன்றே அவருடைய நிலை மாறிவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் பெரும்பாலும் வரிச் சட்டத்தையும் ஃபெமாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள்.

நம் ஊரில் எல்லை தாண்டுவது புதிதல்ல. விடியற்காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்து, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன, சாயந்தரம் திரும்புகின்றன. வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில் என்று வாழ்கிற குடும்பங்கள் எத்தனையோ. அந்த எல்லையை எத்தனை முறை தாண்டினாலும் வங்கிக்கு ஒரு பொருட்டும் இல்லை. நாட்டின் எல்லை அப்படியல்ல. அதைத் தாண்டி ஒருவர் குடியிருக்கப் போகும்போது, பாஸ்போர்ட்டின் நிறம் மாறாமலே அவர் வேறு வரிசைக்குப் போய்விடுகிறார்.

திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நேபாளத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே தங்கியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இந்தியக் குடிமகன் இல்லை. ஆனாலும் இங்கே குடியிருப்பவர் என்பதால் நம்மைப் போலவே சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். போடியில் பிறந்து துபாயில் இருப்பவர் அதே சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்ள முடியாது. கொளுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிக்குக்கூட ஒரு வழி இருக்கிறது: ஆறு மாதம் வரை அவர் என்.ஆர்.ஓ. என்ற கணக்கு வைத்துக்கொள்ளலாம். படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கும் அதே என்.ஆர்.ஓ.தான். ஆக, துபாய்ப் பிள்ளையும் அந்தப் பயணியும் நம் வங்கியின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். கேட்பதற்குக் கொஞ்சம் வலிக்கும். ஆனால் அவரவர் எங்கே வாழ்கிறார்கள் என்று மட்டுமே கேட்கிற சட்டம் இது. யாருடைய பிறப்பையும் அது குறைத்துப் பேசவில்லை.

சட்டத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். ரூபாயை யார் வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் டாலராக மாற்றி வெளியே கொண்டுபோகலாம் என்ற நிலை இந்தியாவில் இல்லை. டாலர் அருமையான பொருளாக இருந்த காலத்தில், 1970இல், வெளிநாட்டில் உழைப்பவர்களிடம் நாடு ஒரு வாக்குக் கொடுத்தது. “நீங்கள் சம்பாதித்ததை இங்கே கொண்டுவந்து ரூபாயாகப் போடுங்கள். எப்போது கேட்டாலும் அசலும் வட்டியும் கேள்வி கேட்காமல் வெளியே அனுப்பித் தருகிறோம்.” அப்படிப் பிறந்ததுதான் என்.ஆர்.ஈ. கணக்கு. 1991இல் நாட்டின் கையிருப்பு வற்றி, தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைக்க வேண்டி வந்தபோது, வெளிநாடுவாழ் இந்தியர்கள் பயந்து தங்கள் வைப்புகளை எடுத்தார்கள். அப்போதும் அந்த வாக்குத் தவறவில்லை. ஆனால் இப்படி ஒரு வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு நிபந்தனை தேவை. வெளியிலிருந்து வந்த பணம் எது, இங்கேயே விளைந்த பணம் எது என்று பிரித்துக் காட்ட முடிய வேண்டும். இரண்டும் ஒரே பாஸ்புக்கில் கலந்துவிட்டால் வாக்கு எந்த ரூபாய்க்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் இரண்டு கணக்குகள். நம் வீடுகளில் குடிதண்ணீர்க் குடம் தனி, புழங்குகிற தண்ணீர்க் குடம் தனி. குடிதண்ணீரை எப்போது வேண்டுமானாலும் புழங்குகிற குடத்தில் ஊற்றிக்கொள்ளலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். புழங்குகிற தண்ணீரைக் குடிதண்ணீர்க் குடத்தில் ஊற்ற வேண்டுமானால் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். என்.ஆர்.ஈ. குடிதண்ணீர்க் குடம். அதில் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் மட்டும் விழ வேண்டும். தடையின்றித் திரும்பப் போகலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. என்.ஆர்.ஓ. புழங்குகிற தண்ணீர்க் குடம். வீட்டு வாடகை, பென்ஷன், பங்கு லாபம், தோட்ட வருமானம் என்று இந்த மண்ணில் வருவதெல்லாம் அதில் விழும். என்.ஆர்.ஈ.யிலிருந்து என்.ஆர்.ஓ.வுக்கு மாற்றத் தடையே இல்லை. என்.ஆர்.ஓ.விலிருந்து என்.ஆர்.ஈ.க்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டுமானால் வரி கட்டியதற்கான தாள்கள் வேண்டும், ஆடிட்டர் சான்று வேண்டியிருக்கும். அங்கே சேர்ந்திருக்கும் இருப்பை ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான் அனுப்பலாம். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த உச்சவரம்பு பெரிய தடையில்லை. தாள்களைச் சேர்ப்பதுதான் அலைச்சல்.

பழைய சேமிப்புக் கணக்கு என்ன ஆகும்? மூட வேண்டியதில்லை. அதையே என்.ஆர்.ஓ.வாக மாற்றித் தருவார்கள். “நான் வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டேன்” என்று வங்கிக்குத் தெரிவிப்பது மட்டும் நம் கடமை. தெரிவிக்காமல் கிடக்க விட்டால் என்ன என்று கேட்டால், சட்டத்தில் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. அதைவிட அன்றாடத் தொல்லைகள் சீக்கிரம் வந்து நிற்கும். நாட்டில் விட்டுப்போன சிம் கார்டு ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும்; ஓ.டி.பி. வராது. இரண்டு வருடம் எந்த வரவு செலவும் இல்லையென்றால் கணக்குச் செயலற்றது என்று குறிக்கப்படும். பத்து வருடம் அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைய வேண்டும்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. அப்பா காலமான பிறகு தோட்டம் துபாயில் இருக்கும் மகன் பெயருக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோரில் உலர்த்திய காயை மூட்டை கட்டிக் கணக்கப்பிள்ளை போடிக்கு அனுப்புகிறார். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அந்த லாட்டின் மாதிரிக் காய். ஒருவர் காயை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்க்கிறார். பச்சை எவ்வளவு, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் எத்தனை, தோல் எவ்வளவு இறுக்கம் என்று விரலே சொல்லிவிடுகிறது. பட்டனை அழுத்துகிறார், திரையில் விலை ஏறுகிறது, லாட் முடிகிறது. ஏலக் கம்பெனி கமிஷன் போக மீதியைத் தோட்டக்காரர் கணக்குக்கு அனுப்புகிறது. அந்தக் காயை வாங்கியவர் சவூதிக்கே ஏற்றுமதி செய்தாலும், நம் மகனுக்கு வருவது இந்தியாவில் விளைந்த வருமானம். அது விழ வேண்டிய இடம் என்.ஆர்.ஓ. என்.ஆர்.ஈ. கணக்கின் எண்ணை ஏலக் கம்பெனிக்குக் கொடுத்து வைப்பது தவறு.

இதில் வரியின் நுணுக்கம் ஒன்று உண்டு. ஏலக்காய் விற்ற பணம் விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் அதே பணத்தை என்.ஆர்.ஓ.வில் டெபாசிட்டாகப் போட்டால், அதன் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். உள்ளூர்க்காரருக்கு ஒரு வரம்புக்கு மேல் போனால்தான் பிடித்தம். வெளியே குடியிருப்பவருக்கு முதல் ரூபாயிலேயே பிடித்தம். பயப்பட வேண்டாம். மொத்த வருமானம் குறைவாக இருந்தால் வரிக்கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உள்ள நாட்டில் இருப்பவர், அந்நாட்டு வரித்துறையிடம் குடியிருப்புச் சான்று வாங்கிக் கொடுத்தால் பிடித்தமே குறையும். அமீரகத்தில் இருப்பவருக்கு 12.5 சதவீதமாக இறங்கும். இதை நம் ஊர்க் கிளைகள் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கவுன்டரில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. தெரியாமல் இழப்பவர்கள் எளிய மனிதர்கள்தான்.

கணக்கு எப்படித் தொடங்குவது? லீவில் வரும்போது கிளைக்கு நேரில் போவது எல்லாவற்றிலும் சுலபம். பாஸ்போர்ட், செல்லுபடியாகும் விசா அல்லது குடியிருப்பு அட்டை, பான் அட்டை, வெளிநாட்டு முகவரிக்கு ஒரு சான்று, புகைப்படம். வேறு எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள் என்று ஒரு உறுதிமொழிப் படிவமும் தருவார்கள். அங்கிருந்தே தொடங்குவதானால் நகல்களில் சான்றொப்பம் வேண்டும். இந்தியத் தூதரகம், அந்நாட்டு நோட்டரி, நம் வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி ஆகியோர் அதைத் தரலாம். கையில் வெளிநாட்டு நோட்டாகவே கொண்டுவந்து போடுவதும் உண்டு. நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால், விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்த படிவத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்; வங்கி அதைக் கேட்கும். கைபேசி எண்ணாக அங்கத்திய எண்ணையே கொடுப்பது நல்லது. 2023 முதல் அமீரகம், சவூதி, ஓமன், கத்தார், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் எண்ணோடு என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் யு.பி.ஐ.யும் பயன்படுத்த வழி வந்திருக்கிறது.

“அப்போ மாசாமாசம் நான் எப்படிப் பணம் எடுக்க?” என்று அம்மா கேட்பார். மகன் அம்மாவின் சொந்தக் கணக்குக்கே நேராக அனுப்பலாம். பெற்றோருக்கு மகன் தருவதற்கு வரி இல்லை. அல்லது தன் என்.ஆர்.ஈ. கணக்கிலேயே அம்மாவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் சேர்ப்பது, முதலாமவர் இருக்கும்வரை அவரே கணக்கை நடத்துவார், அவருக்குப் பின் மற்றவர் என்ற ஏற்பாட்டில்தான். அதற்கு முன்பே அம்மா உள்ளூர்ச் செலவுக்கு எடுக்க வேண்டுமானால் மகன் ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளை வீட்டில் விட்டுப்போகும் பழக்கத்துக்கு அந்தக் கடிதம் எவ்வளவோ மேல். வங்கியை விட்டு உண்டியலில் அனுப்பினால் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது சட்ட விரோதம் என்பது ஒருபுறம். அப்படி வந்த பணத்துக்கு எந்த வங்கித் தடமும் கிடையாது. நாளைக்கு வீடு கட்ட, கடன் வாங்க, வருமானத்தைக் காட்ட அது ஒரு ரூபாய்க்கும் உதவாது.

பத்து வருடம் வியர்வை சிந்திச் சேர்த்ததும் நம் ஊர்ப் பிள்ளைக்கு வருகிற முதல் ஆசை, மலை மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். இங்கேதான் மனம் உடைகிறது. வெளியே குடியிருக்கிற இந்தியர் இந்தியாவில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பணம் என்.ஆர்.ஈ.யில் இருந்தாலும் சரி, என்.ஆர்.ஓ.வில் இருந்தாலும் சரி. ஆனால் ஊரில் குடியிருந்தபோது வாங்கிய தோட்டத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். அப்பாவிடமிருந்து வாரிசாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால் இங்கே குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். புதிதாக வாங்க ஆசைப்படுபவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை யோசித்துவிடுவது நல்லது. தம்பி பெயரில் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்று தொடங்கி, பின்னால் உறவே முறிந்த கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

ஒரு நாள் பிள்ளை ஊருக்கே திரும்பி வருவார். அன்று மறுபடியும் நிலை மாறுகிறது. இனி இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தால் இரண்டு கணக்குகளும் சாதாரணக் கணக்காகும், என்.ஆர்.ஈ.யின் வரிச்சலுகையும் நின்றுவிடும். வெளிநாட்டு நாணயமாகவே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கென்று ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது. அங்கே இருந்தபோது டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருந்தால் அதை அவசரப்பட்டு உடைக்க வேண்டாம்; ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வு நாள் வரை அது ஓடும். துபாய் வங்கியில் மிச்சம் வைத்துவிட்டு வந்த பணமும் அவருடையதுதான். வெளியே குடியிருந்த காலத்தில் சம்பாதித்ததை அங்கேயே வைத்திருக்க ஃபெமா அனுமதிக்கிறது. இங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்தக் கணக்கைக் காட்ட வேண்டிய வருடம் எது என்று மட்டும் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.